மண்டபம் கட்டுங்கள், வாசலைப் பாலாற்றுப் பக்கம் வையுங்கள்

வேலூர் மாநகராட்சி மேயர் அவர்களுக்கும் மாமன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் விருதம்பட்டுப் பக்கம் பந்தல், நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருக்கிறேன். முப்பது வருடத் தொழில். எந்தக் கட்சியானாலும் கோட்டை மைதானத்தில் கூட்டம் என்றால் சவுக்குக் கம்பு ஏற்றிக்கொண்டு என் வண்டி போயிருக்கும். உங்களில் சிலர் ஓட்டுக் கேட்டு நின்ற மேடையும் நான் போட்டதாக இருக்கலாம். வாடகை பாக்கி கேட்டு எழுதவில்லை, பயப்பட வேண்டாம்.

வேலூருக்கு ஒரு பெரிய மாநாட்டு மண்டபம் வேண்டும் என்று டீக்கடையிலும் பந்தி வரிசையிலும் அடிக்கடி பேச்சு வருகிறது. எனக்கும் அதே ஆசைதான். பந்தல்காரன் போய் கான்கிரீட் மண்டபம் கேட்கிறானே என்று என் வீட்டிலேயே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் கேட்பது மண்டபத்தோடு சேர்த்து இன்னொன்றும்: அதன் தலைவாசல் பாலாற்றைப் பார்த்து இருக்க வேண்டும். நெடுஞ்சாலையைப் பார்த்து ஒரு வளைவும், பின்பக்கம் ஜெனரேட்டரும் குப்பைத் தொட்டியும், அதற்கும் பின்னால் ஆறும் என்று இருந்தால் எனக்கு அந்த மண்டபமே வேண்டாம்.

இப்போது இங்கே கருத்தரங்கு எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் முந்தின நாள் வரவேற்பு, மறுநாள் காலை டாக்டர்கள் கூட்டம். ராத்திரி பதினொரு மணிக்குப் பந்தி முடிந்தது. அப்புறம் நாங்கள் உள்ளே போய்ப் பூ அலங்காரத்தைப் பிரித்து, சோபாவை எடுத்து, மேஜை போட்டு, திரை கட்டி முடிக்கும்போது விடிந்துவிட்டது. மேடைக்குப் பின்னால் தெர்மாகோலில் ஒட்டியிருந்த மணமக்கள் பெயரைப் பையன்கள் அவசரத்தில் பிய்த்தார்கள். மணமகள் பெயரில் ஒரு 'ஸ்ரீ' மட்டும் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. அதன் கீழேயே நின்றுகொண்டு, டெல்லியிலிருந்து வந்த ஒரு டாக்டர் சர்க்கரை நோயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஹால் முழுக்கச் சாம்பார் வாசனை வேறு. முகூர்த்த மாதமாக இருந்தால் அந்த ஹாலும் கிடைக்காது. கூட்டத்தையே சென்னைக்கு மாற்றிவிடுவார்கள்.

சென்னை இங்கிருந்து 140 கிலோமீட்டர்தான். ஆனால் கதையைப் பாருங்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் பதப்படுகிற தோலும், தைக்கப்படுகிற ஷூவும் ஒவ்வொரு வருடமும் பெட்டி கட்டி நந்தம்பாக்கத்துக்குப் போகின்றன. அங்கே இருக்கிற சென்னை வர்த்தக மையத்தில்தான் இந்திய சர்வதேசத் தோல் கண்காட்சி. ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வாங்க வருகிறவர் தோலைத் தடவிப் பார்க்கிறார், விலை பேசுகிறார், விமானம் ஏறிப் போய்விடுகிறார். அந்தத் தோலை நனைத்த தண்ணீர் எந்த ஆற்றுப் படுகையிலிருந்து வந்தது, கழுவிய தண்ணீர் எந்த ஆற்றுக்குப் போனது என்று அவர் பார்க்க வேண்டியதே இல்லை. நந்தம்பாக்கம் ஓரத்திலும் ஓர் ஆறு ஓடுகிறது, அடையாறு. ஆனால் அது இந்தத் தோலின் ஆறு இல்லையே.

என்னிடம் நாற்காலி எடுக்கிற வக்கீல் ஒருவர் ஒருமுறை சொன்னார்: "அண்ணா, சட்டக் கல்லூரிப் பையன் எவனைக் கேட்டாலும் வேலூர்னா கோட்டையைச் சொல்ல மாட்டான், கேஸைச் சொல்லுவான்." வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பைத்தான் சொன்னார். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்ததைப் பற்றிய வழக்கு. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று நீதிபதிகள் அதில் எழுதினார்கள். நம் ஊர்ப் பெயர் சட்டப் புத்தகத்தில் நிற்பது இப்படி. அதைப் படிக்கிற மாணவர்கள் ஐந்நூறு பேர் ஒரு கருத்தரங்குக்கு இங்கே வந்தார்கள் என்று வையுங்கள், கூட்டம் முடிந்து ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் எந்தத் தெரு வழியாகக் கூட்டிப் போவீர்கள்? நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன், எனக்கே ஒரு தெருவும் தோன்றவில்லை. நிக்கல்சன் கால்வாய் ஓரமாக மூக்கைப் பிடித்துக்கொண்டு வேண்டுமானால் போகலாம்.

காட்பாடி போகிற பாலாற்றுப் பாலத்தில் ஒருநாள் என் வண்டி பஞ்சராகி நின்றது. அண்ணனைச் சிகிச்சைக்குக் கூட்டி வந்த கொல்கத்தாக்காரர் ஒருவர் நடந்து வந்தவர் பக்கத்தில் நின்றார். சி.எம்.சி. பெரியாஸ்பத்திரிக்கு வந்து மாதக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறவர்களுக்குத் தமிழ் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். கீழே அரைக் கிலோமீட்டருக்குக் குறையாத மணலையும் முள்ளையும் நாணலையும் பார்த்துவிட்டு, "பெரிய கிரவுண்டு. மேட்ச் நடக்குமா?" என்று கேட்டார். ஆறு என்றேன். நம்பவில்லை. அவர் ஹூக்ளிக் கரையில் வளர்ந்தவராம். ஆறு என்றால் படகு இருக்க வேண்டும் என்றார்.

கடவுள் இல்லாத கோயில், அரசன் இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று நம்மூரைக் கிண்டல் பண்ணுவது பழைய வழக்கம். அதில் முதல் குறை 1981-ல் தீர்ந்தது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். அரசன் இனி வரப்போவதில்லை, வந்தாலும் யாரும் வரி கட்ட மாட்டோம். மிச்சம் இருப்பது ஆறு மட்டும்தான்.

சாமி பேச்சு வந்ததால் ஒன்று. அந்தக் கோயிலுக்குள் நுழைந்ததும் இடது கையில் இருக்கிற கல்யாண மண்டபத்தை வெறுமனே சிற்பத்துக்காகப் பார்க்காதீர்கள். என்னைப்போல் பந்தல்காரனாகப் பாருங்கள். தூணுக்குத் தூண் இடைவெளி, பாயும் யாளியைத் தாங்கு கட்டையாக மாற்றின சாமர்த்தியம், வெயில் உள்ளே விழாத அளவுக்கு நீட்டின கொடுங்கை. நம் ஊர் வெயில் 110 டிகிரியைத் தொடுகிற நாளிலும் அந்தக் கல்தரை காலைச் சுடாது. ஊர்க் கூட்டத்துக்கு மண்டபம் கட்டுவது எப்படி என்று வேலூருக்கு யாரும் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆனால் ஆற்றோடு சேர்த்து மண்டபம் கட்டுவது எப்படி என்பதை நான் வெளியூரில்தான் பார்த்தேன். என் மகள் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்ற ஊரில் படித்தாள். பட்டம் வாங்குகிறபோது எங்களைக் கூப்பிட்டிருந்தாள். அது இரும்பு ஆலைகளால் பிழைத்த ஊர். தோல் நமக்கு எப்படியோ அப்படி. ஒரு காலத்தில் பட்டப்பகலிலேயே தெருவிளக்கு எரிய விடுகிற அளவுக்குப் புகை. அலெகெனி, மொனாங்ககீலா என்று இரண்டு ஆறுகள் ஊருக்குள் வந்து சேர்ந்து ஒஹாயோவாகப் போகின்றன. ஆலைகள் அந்தக் கரைகளை எல்லாம் பிடித்து வைத்திருந்தன. பிறகு ஆலைகள் மூடின, ஊர் நொடித்தது, மெதுவாக எழுந்தது. அப்படி எழுந்த ஊரில்தான் 2003-ல் அலெகெனிக் கரையில் டேவிட் எல். லாரன்ஸ் மாநாட்டு மையத்தைப் புதிதாகத் திறந்தார்கள். 2009-ல் ஜி-20 தலைவர்கள் கூடின இடம் அது.

மகள் மியூசியம் பார்க்கலாம் என்றாள். நான் அந்தக் கட்டடத்தை விட்டு நகரவில்லை. அதன் கூரை தூணில் நிற்கவில்லை, இரும்பு வடங்களில் தொங்குகிறது. பக்கத்தில் இருக்கிற பழைய தொங்கு பாலங்களின் வளைவைப் பார்த்து அந்தக் கூரையை வளைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது பெரிய துணிப் பந்தல். நடுவில் தொய்வு, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டின கயிறு. எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, மகளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை. பந்தல் போடுகிறவனுக்குத் தெரியும், காற்றுக்கு வழி விட வேண்டும், விடாவிட்டால் காற்றே வழி எடுத்துக்கொள்ளும். அங்கே அந்த வளைவை வைத்தே ஆற்றுக் காற்றை உள்ளே இழுத்துச் சூட்டை மேலே அனுப்புகிறார்கள். கண்காட்சி நடக்கிற பெரும்பகுதிக்குப் பகலில் சூரிய வெளிச்சமே போதும். கக்கூஸ் தண்ணீரைக்கூட அங்கேயே சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். லீட் என்ற பசுமைக் கட்டடத் தங்கச் சான்றை மாநாட்டு மையங்களில் முதலில் வாங்கியதும் அதுதான்.

சரி, இதெல்லாம் பணம் இருந்தால் யாரும் செய்யலாம். என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. கட்டடத்துக்கு அடியில் ஒரு நடைபாதை ஊர்ப்பக்கமிருந்து ஆற்றுக்கு இறங்குகிறது. டிக்கெட் இல்லை, பாஸ் இல்லை. நடக்கிறவர் கூடவே ஓரத்தில் தண்ணீரும் படிப்படியாக இறங்குகிறது. நான் போன அன்று உள்ளே கழுத்தில் அட்டை மாட்டின கோட்டுக்காரர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கீழே அந்த வழியாக ஒரு பாட்டி நாயைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். மண்டபம் ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவில் நிற்கிறது, ஆனால் மறிக்கவில்லை.

கூட இறங்குகிற அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். ஊருக்கு அடியில் மணலும் கூழாங்கல்லும் நிறைந்த படுகையில் தண்ணீர் நகர்கிறதாம். அதை அந்த ஊர்க்காரர்கள் நான்காவது ஆறு என்று செல்லமாகச் சொல்கிறார்கள். கேட்டதும் எனக்கு விருதம்பட்டு ஞாபகம் வந்துவிட்டது.

நான் சின்னப் பையனாக இருக்கையில் எங்கள் வீட்டுக் குடிதண்ணீர் ஆற்று ஊற்றுதான். அம்மா விடியற்காலையில் கூட்டிப் போவாள். கையாலேயே மணலைத் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் மணல் கறுக்கும், இன்னும் ஒரு சாண் போனால் ஈரம் கசிந்து குழியின் ஓரம் சரியும். முதலில் வருகிற கலங்கலைக் கொட்டாங்குச்சியால் இறைத்து வெளியே ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டமான வேலை. அப்புறம் தெளிந்து நிற்கும். கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு பித்தளைக் குடத்தில் துணி போட்டு வடிப்போம். மேலே பார்த்தால் வெறும் மணல். அடியில் பாலாறு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஓட்டத்தைக் கால்வாய் வெட்டி எடுத்து ஏரிக்கும் வயலுக்கும் விட்டவர்கள் நம் முன்னோர். மணலை லாரி லாரியாக அள்ளிய பிறகு ஊற்று இறங்கிப்போனது. இப்போது ஜேசிபி விட்டுத் தோண்டினாலும் என்ன தண்ணீர் வரும், எந்த நிறத்தில் வரும் என்று சொல்ல முடியாது. நமக்கு இன்றைக்குக் குழாயில் வருவது மேட்டூரிலிருந்து வருகிற காவிரி.

நந்தி மலையில் பிறந்து கர்நாடகத்தில் 93, ஆந்திரத்தில் 33, நம் மாநிலத்தில் 222 கிலோமீட்டர் என்று நடக்கிற ஆற்றுக்கு, மேலே எத்தனை தடுப்பணை, யார் கட்டினார்கள் என்ற சண்டை கோர்ட்டில் நடக்கட்டும். அதை உங்கள் மாமன்றம் தீர்க்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் ஊருக்குள் வருகிற ஆற்றில் குப்பை கொட்டாமல் இருப்பதும் சாக்கடையைச் சுத்தம் பண்ணி விடுவதும் உங்கள் கையில் இருக்கிறது. அது ஏன் நடக்கவில்லை என்றால், ஆற்றை யாரும் பார்ப்பதில்லை. எந்த வீடும், எந்தக் கடையும், எந்த ஆபீஸும் ஆற்றைப் பார்த்து வாசல் வைக்கவில்லை. முதுகுப் பக்கம் கிடப்பதை யார் கூட்டிப் பெருக்குவார்கள்? வருடத்தில் ஒருநாள் மயானக் கொள்ளைத் திருவிழாவுக்கு மட்டும் ஊரே ஆற்றில் இறங்குகிறது. அதற்கு முந்தின வாரம் பாருங்கள், முள் வெட்டுகிறார்கள், மேடு தட்டுகிறார்கள், லைட் போடுகிறார்கள். அந்த லைட்டில் பாதி என்னுடையது. கூட்டம் வருகிறது என்றால் சுத்தம் பண்ண நமக்குத் தெரிகிறது.

அதனால்தான் தலைவாசல் ஆற்றுப் பக்கம் என்கிறேன். அமைச்சர் வருகிறார், வெளிநாட்டு டாக்டர் வருகிறார், ஷூ வாங்கும் கம்பெனிக்காரர் வருகிறார். அவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் குப்பை எரிய விடுவீர்களா? ஆம்பூர் தோலை மேஜையில் பரப்பி வைத்திருக்கிறவர் தலை நிமிர்ந்தால் சன்னலில் பாலாறு தெரிய வேண்டும். வாங்குகிறவருக்கும் தெரிய வேண்டும். உங்கள் ஆலைத் தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் அங்கேயே கேட்பார். பதில் வைத்திருக்கிறவர் கூச்சமில்லாமல் சொல்லட்டும்.

இனி என் பயம். ஆற்றைப் பார்த்து என்றால் ஆற்றுக்குள் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். காய்ந்து கிடக்கிற இவ்வளவு அகலம், பட்டாவும் இல்லை, புறம்போக்கு, மண் கொட்டி மேடாக்கினால் ஆச்சு என்று வரைபடத்தில் கோடு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 2021 நவம்பரை ஞாபகப்படுத்துங்கள். மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்ய ஆறும் சேர்ந்து பாலாறு இரு கரையும் தொட்டு வந்தது. கீழே பொன்னை ஆறும் கலந்து, வாலாஜா அணைக்கட்டில் ஒரு லட்சம் கனஅடிக்கு மேல் போயிற்று. 1903-ல் வாணியம்பாடியை அழித்த வெள்ளத்தைக் கதையாகக் கேட்டவர்கள் அன்றைக்குத்தான் நம்பினார்கள்.

என் கிடங்கு அப்போது கரைக்கு மிகப் பக்கத்தில் இருந்தது. வாடகை குறைவு என்று நான்தான் எடுத்தேன், தப்பு என்மேல். ராத்திரி ஷட்டருக்கு அடியில் தண்ணீர் நுழைந்தது. ஜமக்காளத்தையும் ஆம்ப்ளிஃபயரையும் பரண்மேல் ஏற்றினோம். நாற்காலிகளை ஏற்ற நேரம் இல்லை. பின்சுவர் விழுந்ததும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள் இருநூறு ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகக் கிளம்பிப் போயின, பந்திக்குப் போகிற மாதிரி. என்னிடம் வேலை பார்க்கும் பையன் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "அண்ணா, ஆத்துக்குள்ள இன்னா ஃபங்ஷன்?" என்று கேட்டான். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பதினைந்து நாள் கழித்து மேல்விஷாரத்திலிருந்து ஒருவர் போன் பண்ணினார். நாற்காலி முதுகில் கடைப்பெயரும் நம்பரும் எழுதி வைத்திருப்போம் இல்லையா, அதைப் பார்த்துத்தான். போய்ப் பார்த்தேன். ஒரு சீமைக்கருவேல மரத்தில், என் தலைக்கு மேல் நான்கடி உயரத்தில், நாற்காலி கிளையில் உட்கார்ந்திருந்தது. இறக்கவில்லை. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அடையாளமாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன். உங்கள் இன்ஜினியர்களுக்கு வேண்டுமானால் மரத்தைக் காட்டுகிறேன்.

அந்தத் தண்ணீர் தொட்ட கோட்டுக்கு வெளியே, கரைக்கு ஊர்ப்பக்கம் இடம் பாருங்கள். ஆற்றுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் வெறும் இடம் விடுங்கள், வெள்ளம் வந்தால் நிற்க, வராத நாளில் ஜனங்கள் உட்கார. அங்கே புல் வளர்க்கிறேன், ஃபவுண்டன் வைக்கிறேன் என்று குடிநீரைக் கொட்ட வேண்டாம். மண்டபத்தின் கழிவுநீரை அங்கேயே சுத்தம் செய்து அதில் மரம் வளர்க்கலாம்.

இன்னொன்று, கோட்டை மைதானத்தைத் தொடாதீர்கள். மதுரையில் தமுக்கம் மைதானத்தில் மாநகராட்சி மாநாட்டு மையம் கட்டி 2022-ல் திறந்தார்கள். கட்டடம் நன்றாக இருக்கிறது என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் திறந்த மைதானம் ஒன்று குறைந்தால் குறைந்ததுதான். கூரை போட்ட இடத்துக்கு வாடகை ரசீது உண்டு, காசு இல்லாதவனும் வந்து நிற்கிற இடம் மைதானம்தான். வாடகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வருடத்தில் கொஞ்ச நாளாவது மண்டபத்தை ஊருக்கு ஒதுக்குங்கள். புத்தகக் கண்காட்சி நடக்கட்டும், ஆம்பூரில் ஷூ தைக்கிற பெண்களின் கூட்டம் நடக்கட்டும், இலவம்பாடி முள்கத்திரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்த விவசாயிகள் கடை போடட்டும். அவர்களுக்கும் ஏசி காற்று பட்டால் கரைந்துவிட மாட்டார்கள். கல்யாணத்துக்கு மட்டும் விடவே விடாதீர்கள். விட்டால் இரண்டே வருடத்தில் அதுவும் கல்யாண மண்டபமாகிவிடும், 'ஸ்ரீ' ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இடம் பார்ப்பது, வரைபடம் போடுவது எல்லாம் அப்புறம். அதற்கு முன் மாமன்றக் கூட்டம் ஒன்றை, ஒரே ஒரு கூட்டத்தை, ஆற்றங்கரையில் வையுங்கள். மாசி மாதத்தில் மாலை ஐந்து மணிக்கு விருதம்பட்டுக் கரையில் வெயில் இறங்கியிருக்கும், காற்று வரும். எல்லா வார்டு உறுப்பினர்களும் ஆற்றைப் பார்த்தபடி உட்காரலாம். ஷாமியானா, மைக், டீ கேன் எல்லாம் நான் கொண்டு வருகிறேன். வாடகை வேண்டாம். நாற்காலியும் என் பொறுப்பு, 2021-க்குப் பிறகு வாங்கினவை, நீல நிறம்.

இப்படிக்கு,
விருதம்பட்டு பந்தல்காரன்